முப்பது அறையும் ஒரு தெருவும்

சிங்கப்பூரின் கியோங் சைக் சாலையில் 2003ஆம் ஆண்டு 32 அறைகள் கொண்ட ஒரு விடுதி திறந்தது. 1929இல் எழுந்த ஐந்து கடைவீடுகளை உள்ளுக்குள் இணைத்துக் கட்டியதால் அதற்கு ‘ஹோட்டல் 1929’ என்றே பெயர். உரிமையாளர் லோ லிக் பெங் வழக்கறிஞராக இருந்தவர். ஹோட்டல் தொழில் அவருக்குப் புதிது. அவர் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய நாற்காலிகள்தாம் உள்ளே முக்கியமான அலங்காரம். நீச்சல்குளம் கிடையாது, விருந்து மண்டபம் கிடையாது, அறைகளும் சின்னவை. அது சார்ஸ் நோய் சிங்கப்பூரை உலுக்கிய ஆண்டு. பெரிய ஹோட்டல்களே ஆளில்லாமல் காற்று வாங்கின. அப்படியிருந்தும் அந்த விடுதி தாக்குப்பிடித்தது, பேசப்பட்டது, பின்பற்றப்பட்டது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அதே வரிசையில் நியூ மெஜெஸ்டிக், ஸ்கார்லெட், லிட்டில் இந்தியா டிக்சன் சாலையின் வாண்டர்லஸ்ட் என்று பல வந்தன. இதில் ஸ்கார்லெட் மட்டும் பகட்டின் பக்கம் தாராளமாகச் சாய்ந்தது. மற்றவை அலட்டல் இல்லாத அழகையே தங்கள் முகமாக வைத்துக்கொண்டன.

நகர நடுவில் அமைந்த இப்படிப்பட்ட பூட்டிக் ஹோட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரசனையைப் பேசுவார்கள். உரிமையாளரின் கண், வடிவமைப்பாளரின் கை, தேர்ந்தெடுத்த விளக்கு, சுவரின் நிறம். ரசனைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர்க் கடைவீட்டு விடுதிகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவற்றின் எளிமையை வடிவமைத்தவர்கள் முதலில் அந்த விடுதிக்காரர்கள் அல்ல. இருநூறு ஆண்டு பழைய ஒரு கட்டட வரம்பு, முப்பது ஆண்டுக்கும் மேல் பழைய ஒரு சட்டம், ஆள் சம்பளக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வாசலுக்கு வெளியே ஏற்கெனவே இருந்த ஒரு தெரு. விடுதி தன்னிடம் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொன்றையும் தெரு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெருவுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இந்த வகை விடுதி நியூயார்க்கில் பிறந்த கதையிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. 1984இல் மேடிசன் அவென்யூவில் மார்கன்ஸ் ஹோட்டலைத் திறந்த இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் அதற்கு முன் ஸ்டுடியோ 54 என்ற இரவு விடுதியை நடத்தி, வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்று மீண்டவர்கள். கையில் தாராளமாகப் பணம் இல்லை. உள்ளலங்காரத்துக்கு அமர்த்தப்பட்ட பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே புத்மான் குளியலறைக்குச் சலவைக்கல் கேட்கவில்லை. விலை குறைந்த கறுப்பு, வெள்ளை ஓடுகளைச் சதுரங்கக் கட்டமாகப் பதிக்கச் சொன்னார். அந்தக் கட்டம் பின்னால் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. நகலெடுத்தவர்கள் ஓட்டை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஓடு ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டார்கள். லண்டனில் அனுஷ்கா ஹெம்பலின் பிளேக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் 1981இல் தொடங்கிய விடுதி ஆகியவையும் இதே வம்சம்தான். கிம்ப்டனும் புதிதாகக் கட்டவில்லை, நகர நடுவில் கிடந்த பழைய கட்டடங்களைத் திருத்தித்தான் தொழில் செய்தார்.

சிங்கப்பூர்க் கடைவீட்டின் உடம்பைப் புரிந்துகொண்டால் மேற்கொண்டு பேசுவது எளிது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில், செங்கல் வீடுகளின் முகப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் எப்போதும் திறந்த, கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்று விதித்தார். அதுதான் ஐந்தடி வழி. அந்தப் பக்கத்துத் தமிழர் வாயில் அஞ்சடி. கீழே கடை, மேலே குடும்பம். அகலம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மீட்டர்; நீளமோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். எனவே ஜன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே. நடுவீட்டுக்கு வெளிச்சம் வர வேண்டுமானால் வானம் பார்த்த ஒரு சிறு முற்றம்தான் வழி. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைவீட்டு முற்றம் அதன் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இப்படிப்பட்ட வீடுகளை 1960களிலும் 70களிலும் சிங்கப்பூர் கணக்கில்லாமல் இடித்தது. சைனாடவுனில் ஒரே மாடியைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு, ஜன்னலில்லாத தடுப்புக்குள் ஒரு முழுக்குடும்பம் வாழ்ந்த காலம் அது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் போனவர்களில் மிகப் பலர் நிம்மதியாகத்தான் போனார்கள். இடிப்பை நிறுத்தியது பழமை மீது வந்த திடீர்ப் பாசம் அல்ல. 1983இல் சுற்றுலாப் பயணிகள் வரத்து குறைந்தது. அடுத்த ஆண்டு அரசு அமைத்த பணிக்குழு, நகரம் தன் கீழைத்தேயக் களையை இழந்துவிட்டது என்று சொன்னது. 1986இல் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளைச் சோதனையாகப் புதுப்பித்துக் காட்டினார்கள். 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்களில் 3,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தன. இன்று அந்த எண்ணிக்கை 7,000ஐத் தாண்டியிருக்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி வரலாற்று வட்டாரங்களில் முகப்பு, பொதுச்சுவர், ஓட்டுக் கூரை, மர ஜன்னல், முற்றம், மாடிப்படி எதையும் இஷ்டத்துக்குத் தொட முடியாது. மேலே ஒரு மாடி ஏற்ற முடியாது. நகரத்தின் மிக விலையுயர்ந்த மண்ணில் நிற்கும் கட்டடம், உயரத்தில் வளராமல் கட்டிப்போடப்பட்டது.

ஹோட்டல் தொழிலில் இது எவ்வளவு பெரிய தடை என்பதை ஓர் ஒப்பீடு காட்டும். சில நிமிடக் கார் தூரத்தில், கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் 2010இல் திறந்த மெரினா பே சாண்ட்ஸ் 2,500க்கும் மேற்பட்ட அறைகளோடு கட்டப்பட்டது. அங்கே இடம் வேண்டுமானால் மேலே போகலாம். கியோங் சைக்கில் இடம் வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரர் விற்க வேண்டும். ஐந்து வீடு கிடைத்தால் முப்பது அறை, அவ்வளவுதான். ஆகவே இந்த விடுதிகள் ‘சிறியதாக இருப்போம்’ என்று தீர்மானித்தன என்பது பாதி உண்மை. பெரியதாக ஆகும் வழியைச் சட்டம் முதலிலேயே அடைத்துவிட்டது.

அறைக்குள் வந்து பார்ப்போம். ஐந்து மீட்டர் அகலமுள்ள வீட்டில் ஒன்றேகால் மீட்டரை நடைவழிக்கு விட்டுவிட்டால் மிஞ்சுவது மூன்றே முக்கால். அதில் கட்டில் இரண்டு மீட்டரை விழுங்கும். மீதியில் குளியலறைக்குச் செங்கல் சுவர் எழுப்பினால் சுவரே ஒரு பங்கு இடத்தைத் தின்றுவிடும், இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் அதோடு நின்றுவிடும். அதனால்தான் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடிக்கு அப்பால் பூவாளிக் குழாயும் வாஷ்பேசினும் கட்டிலிலிருந்தே தெரியும். சில அறைகளில் தடுப்பும் இல்லை, குளியல்தொட்டி நேராகப் படுக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கும். பத்திரிகைகள் இதைத் துணிச்சலான பாணி என்று எழுதின. அலமாரிக்குப் பதில் சுவரில் நாலு கொக்கி, மேசைக்குப் பதில் ஜன்னல் விளிம்பில் பதித்த பலகை, ஜன்னலே இல்லாத நடு அறையில் சுவர் முழுக்க ஓவியம் அல்லது கண்ணாடி: இந்தப் பட்டியலில் எதை எடுத்தாலும் அதன் வேரில் ஓர் இடநெருக்கடி இருக்கும். அலட்டல் இல்லாத அழகு என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி, வேறு வழியில்லாமையை ஒழுங்காகக் கையாண்டதன் பலன்.

ஆனால் ஒழுங்காகக் கையாள்வது என்பது சும்மா வருவதில்லை. இங்கேதான் முதல் மறுப்பு எழும். சிறிய அறை, விருந்து மண்டபம் இல்லாமை, நடுத்தெரு முகவரி இவையெல்லாம் கேலாங் வட்டாரத்தின் மலிவு விடுதிகளுக்கும் பொருந்துமே, அவற்றில் பலவும் பழைய கட்டடங்களில்தானே இருக்கின்றன, அவற்றை யாரும் அழகு என்பதில்லையே? நியாயமான கேள்வி. நெருக்கடி இருந்தால் போதாது. நெருக்கடியை மறைப்பதா காட்டுவதா என்ற தீர்மானம் வேண்டும். மலிவு விடுதி பெரும்பாலும் மறைக்கும். பழைய மரக்கூரைக்குக் கீழே வெள்ளைப் பொய்க்கூரை போடும், பலகையின் மேல் சலவைக்கல் படம் அச்சிட்ட தாளை ஒட்டும், தன்னிடம் இல்லாத பெரிய ஹோட்டலை நடித்துக் காட்டும். புக்கிட் பாசோ சாலையில் 2006இல் திறந்த நியூ மெஜெஸ்டிக் இதற்கு நேர்மாறாகச் செய்தது. பழைய மெஜெஸ்டிக் ஹோட்டலை வாங்கிப் புதுப்பித்தபோது, முன்கூடத்தின் கூரையைப் பூசி மெழுகாமல், அடுக்கடுக்காக உரிந்த சுண்ணாம்பும் சாயமுமாக அப்படியே விட்டார்கள். கீழே வழவழப்பான வெள்ளைத் தரை, பழைய நாற்காலிகள், பழங்கால மின்விசிறிகள். மேலே தேமல் படர்ந்த கூரை. மேல்தளத்தில் ஒரு சிறு நீச்சல்குளம் அமைத்து, அதன் அடியில் வட்டக் கண்ணாடித் துளைகள் வைத்தார்கள். கீழே உணவகத்தில் சாப்பிடுகிறவர் அண்ணாந்து பார்த்தால் நீந்துகிறவரின் கால் தெரியும். குளத்துக்குத் தனி இடம் ஒதுக்க வழியில்லை என்ற குறை, அந்த விடுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முப்பது அறைகளில் பலவற்றை உள்ளூர்க் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். இங்கே ரசனையின் பங்கை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ரசனை வெட்டவெளியில் வேலை செய்யவில்லை. கட்டடம் விதித்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சூழ்நிலை விதித்தது கட்டடத்தோடு நிற்பதில்லை. இத்தகைய விடுதிகளில் தங்கியவர்கள் மெச்சும் இன்னொன்று பணியாளர்களின் இயல்பான பேச்சு. வரவேற்பு மேசையில் இருப்பவரே காப்பி கலந்து தருவார், மழை பெய்தால் குடை எடுத்து நீட்டுவார், எந்தக் கடையில் மீன் கஞ்சி நன்றாக இருக்கும் என்று சொல்வார். இதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி ஒருவரின் வழக்கமான வார வேலை 44 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆக ஒரே ஒரு நாற்காலியை இரவும் பகலும் காலியில்லாமல் வைத்திருக்கவே நாலு பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து. முந்நூறு அறை ஹோட்டல் அந்தச் சம்பளத்தை முந்நூறு அறைக்குப் பங்கிடும். முப்பது அறை விடுதி முப்பதுக்குத்தான் பங்கிட முடியும். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் பங்கு 2021 முதல் 35 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பு வேறு. இந்த நிலையில் பெட்டி தூக்க ஒருவர், கதவு திறக்க ஒருவர், தகவல் சொல்ல ஒருவர் என்று ஆள் போடுகிற விடுதி ஓராண்டு தாங்காது. ஒருவரே எல்லாமாக இருப்பது கணக்கின் கட்டளை. எல்லாமாக இருப்பவர் சீருடை விறைப்போடு இருக்க முடியாது; அவரும் விருந்தினரும் மனிதர்களாகப் பேசிக்கொள்வது அப்படித்தான் நேர்கிறது. அந்த அன்பு பொய் என்று சொல்ல வரவில்லை. பெரிய ஹோட்டலின் வேலைப் பிரிவினை அதற்கு இடம் கொடுப்பதில்லை, சின்னதின் நெருக்கடி கொடுக்கிறது.

சமையலறைக்கும் இதே கணக்குதான். முப்பது அறைக்காக இருபத்துநாலு மணி நேரமும் அடுப்பு எரிய முடியாது. சரி, இரவு பதினொன்றுக்குப் பசித்தால்? வெளியே போனால் போதும். கியோங் சைக் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். அதன் இரண்டாம் மாடியில் 200க்கும் மேற்பட்ட உணவுக் கடைகள். 1983இல் தெருவோர வியாபாரிகளை உள்ளே கொண்டுவந்து அமர்த்திய இடம் அது. 2016இல் மிஷெலின் கையேடு நட்சத்திரம் கொடுத்த சோயா சாஸ் கோழிக் கடை அங்கேதான் சில வெள்ளிக்குத் தட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் மேக்ஸ்வெல் உணவங்காடி. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு சாதாரண ஐந்து நட்சத்திர ஹோட்டல் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக் காப்பாற்ற முடியாத சமையல்காரர் கூட்டம் இது. சில நிமிட நடையில் ஊட்ரம் பார்க் எம்ஆர்டி நிலையம். ஆகவே விமான நிலையத்துக்கு விடுதி வண்டி வேண்டாம். உட்கார ஐந்தடி வழி இருக்கிறது. ஆகவே பெரிய லாபி வேண்டாம்.

வேடிக்கை காட்டவும் விடுதிக்குச் செலவில்லை. அதே கியோங் சைக் சாலையில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1925இல் கட்டிய லயன் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதமேறி, வழியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கண்டுகொண்டு, அண்ணனைப் பார்க்க இங்கே வருவார்; மாலையில் திரும்புவார். தன் விடுதியறை ஜன்னலைத் திறக்கும் ஒரு ஸ்வீடன்காரருக்கு அன்றைக்கு நாகஸ்வரமும் தவிலும் கிடைக்கும். அந்த ஊர்வலம் அவருக்காகப் புறப்பட்டதல்ல. அதனால்தான் அது அவருக்கு அவ்வளவு பெரிய காட்சி. பெரிய ஹோட்டல்கள் லாபியில் மாலை ஆறு மணிக்கு ஏற்பாடு செய்யும் ‘பண்பாட்டு நிகழ்ச்சி’யை இதோடு ஒப்பிட்டால் போதும், எதற்கு எது ஈடாகாது என்பது விளங்கிவிடும்.

அப்படியானால் இல்லாததை இல்லை என்று சொல்லி, அதற்கே விலை வைக்கும் சாமர்த்தியம்தானே இது என்று இரண்டாவது மறுப்பு வரலாம். ஓரளவு சரி. ஆனால் பெரிய ஹோட்டலில் தங்குகிறவர் நுழையாத விருந்து மண்டபத்துக்கும் இறங்காத குளத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டுகிறார். சின்ன விடுதியில் அவர் கட்டுவது பெரும்பாலும் இடத்துக்கான விலை, அதாவது நடந்துபோனால் நகரமே கைக்கு எட்டும் ஒரு முகவரிக்கான விலை. ஏமாற்று என்று சொல்ல வேண்டுமானால் அது விருந்தினரிடம் நடப்பதில்லை. முகவரிக்கு மதிப்பு சேர்த்தது தெரு. அந்த மதிப்பை வசூல் செய்வது விடுதி. குறை அங்கே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு தொழில் உலகத்திலிருந்து வருவது. கட்டடமும் தெருவும்தான் காரணம் என்றால் சங்கிலி ஹோட்டல்கள் எப்படி இதைப் பிரதி எடுத்தன? ஸ்டார்வுட் 1998இல் டபிள்யூ ஹோட்டல்களைத் தொடங்கியது. ஷ்ரேகரே மேரியட்டோடு சேர்ந்து எடிஷன் என்ற வரிசையை உருவாக்கினார். கிம்ப்டன் நிறுவனத்தை இன்டர்கான்டினென்டல் குழுமம் 43 கோடி டாலருக்கு வாங்கியது. நெதர்லாந்தின் சிட்டிஸன்எம் 2008 முதல், ஆலையில் முழுசாகச் செய்த அறைகளைக் கிரேன் வைத்து அடுக்கி விடுதி கட்டுகிறது. பழைய கட்டடமும் வேண்டாம், முற்றமும் வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் எதைப் பிரதி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். டபிள்யூவும் எடிஷனும் எடுத்துக்கொண்டது தோற்றத்தை. மங்கிய வெளிச்சம், கறுப்புச் சுவர், இசை. கூடவே நூற்றுக்கணக்கான அறைகளும் மதுக்கூடமும் குளமும் வந்து சேர்ந்தன. அலட்டாமை மட்டும் வரவில்லை. சிட்டிஸன்எம் எளிமையை உண்மையாகவே பிரதி எடுத்திருக்கிறது. அங்கே சின்ன அறை, அறைக்கு உணவு கொண்டுவரும் சேவை இல்லை, சாவியை விருந்தினரே இயந்திரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அது தன் விடுதிகளை மாநகரங்களின் நடுவிலோ விமான நிலைய வாசலிலோதான் வைக்கிறது. அறையை ஆலையில் செய்யலாம். அறைக்கு வெளியே கிடைக்க வேண்டியதைச் செய்ய முடியாது என்று அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு நான்காவது. தெருவிடம் வாங்கித் தின்கிற விடுதி, அந்தத் தெருவையே கெடுத்துவிடாதா? கியோங் சைக்கின் பழைய வாழ்க்கையை அழகுபடுத்திச் சொல்ல எதுவும் இல்லை. 1960களில் அது விலைமகளிர் விடுதிகளுக்குப் பேர்போன தெரு. அங்கே வளர்ந்த ஷார்மெய்ன் லியாங், தன் வீட்டு முகவரியையே தலைப்பாக வைத்து 2017இல் ஒரு நினைவுநூல் எழுதினார். எந்தத் தெருவை ஊரார் வாயில் சொல்லவே கூசினார்களோ, அதை அதே ஆண்டு லோன்லி பிளானெட் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் வைத்தது. பழைய அவப்பெயர் விளம்பர வாசகங்களில் கிளுகிளுப்பான மசாலாவாக மாறியது. அந்த விலைமகளிர் விடுதிகளில் விற்கப்பட்டு வளர்ந்த பெண்களின் வாழ்க்கை மசாலா அல்ல என்று சொல்ல யாருக்கும் நேரமிருக்கவில்லை.

1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடித்தனக்காரர்களைக் காத்தது, கட்டடங்களைச் சிதைய விட்டது. பழுது பார்க்கும் காசுகூட வாடகையில் வராதபோது எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? 2001இல் அந்தச் சட்டம் முழுவதுமாக விலகியது. அதன்பின் கட்டடங்கள் பிழைத்தன, குடித்தனங்கள் போயின. வணிகக் கடைவீடுகளை வெளிநாட்டவரும் தனி அனுமதி இல்லாமல் வாங்கலாம் என்பதால் உலகப் பணமும் வந்து சேர்ந்தது. 36ஆம் எண்ணில், இரு தெருக்கள் பிரியும் முனையில், 1939இல் எழுந்த முக்கோணக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் கீழ்த்தளத்தில் தலைமுறைகளாக நடந்த தோங் ஆ காப்பிக்கடை 2013இல் எதிர்ப்புறத்துக்கு மாறியது. மறு ஆண்டே பாலியில் பேர்பெற்ற பொட்டேட்டோ ஹெட் அங்கே பல மாடிகளில் உணவகமும் மொட்டைமாடி மதுக்கூடமும் திறந்தது. கட்டடப் பாதுகாப்பு விதிகளின் புண்ணியத்தில் முகப்பில் சீன எழுத்தில் ‘தோங் ஆ’ அப்படியே இருக்கிறது. பெயர் மேலே, கடை எதிரே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்களான டி. சி. சாங்கும் பெக்கி டியோவும் 2009இல் ‘அர்பன் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் இந்தக் கடைவீட்டு விடுதிகளைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதும் அளவுக்கு இவை படைப்பு நகரம் என்ற அரசின் கனவோடு பிணைந்திருந்தன.

இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. ஆனால் பழியை விடுதியின் தலையில் மட்டும் கட்டுவது கணக்குத் தவறு. வருமானம் தராத கட்டடத்தைத் தனியார் காக்க மாட்டார்கள். விடுதி இல்லாவிட்டால் அந்த வீடுகளில் விளம்பர நிறுவனமோ முதலீட்டு அலுவலகமோ வந்திருக்கும், மாலை ஆறு மணிக்கு விளக்கணைத்துப் பூட்டியிருக்கும். விடுதியாவது இரவிலும் வாசலைத் திறந்து வைக்கிறது, அதன் விருந்தினராவது எதிர்க்கடையில் காயா டோஸ்ட் வாங்குகிறார். அந்த விடுதியும் அதே வாடகை ஏற்றத்துக்குப் பலியாகக்கூடிய சிறுவியாபாரிதான். நியூ மெஜெஸ்டிக் 2017இல் மூடப்பட்டது. உரிந்த கூரையை எல்லோருக்கும் காட்டி நின்ற அந்தக் கட்டடத்தில் மறு ஆண்டு வந்தது ஸ்டிரெயிட்ஸ் கிளான் என்ற உறுப்பினர் மன்றம். சந்தா கட்டியவருக்கே கதவு திறந்தது. புக்கிட் பாசோவில் உறுப்பினர் மன்றம் புதிதல்ல என்று ஒருவர் சொல்லலாம். சொன்னால் சரிதான். 1895இல் தொடங்கிய, செல்வந்தர்களின் மன்றம் என்று பேர்வாங்கிய ஈ ஹோ ஹியன் மன்றம் அதே சாலையில் சில வாசல் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மன்றம் சீன அகதி நிவாரணத்துக்குத் தொழிலதிபர் டான் கா கீ நிதி திரட்டிய களமாகவும் இருந்தது. மூடிய கதவுகள் எல்லாம் ஒரே வகை இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வட்டாரத்தில் விலை இவ்வளவு ஏறியும் எவை அசையாமல் நிற்கின்றன? லயன் சித்தி விநாயகர் கோயில் நிற்கிறது. அது செட்டியார் கோயில் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஈ ஹோ ஹியன் மன்றமும் சீனர்களின் சில குலமரபுச் சங்கங்களும் நிற்கின்றன. சொந்தக் கட்டடம் என்பது மட்டுமல்ல, அதை விற்றுப் பங்கு போட்டுக்கொள்ள முடியாத அமைப்பு அவற்றுடையது. உணவங்காடிகள் நிற்கின்றன, அவை அரசு கட்டியவை. தெருவிலிருந்து இடம்பெயர்ந்த முதல் தலைமுறைக் கடைக்காரர்களுக்குச் சலுகை வாடகை, மற்றவர்களுக்கு ஏலம், அந்த ஏலத்திலும் குறைந்தபட்ச வாடகை என்ற நிபந்தனை 2012இல் எடுக்கப்பட்டது. மூன்றும் சந்தை விலைக்கு வெளியே நிற்பவை. சந்தையின் நேர்த்தியான படைப்பு என்று கொண்டாடப்படும் முப்பது அறை விடுதி, சந்தை தொடாத மூன்று வகைச் சொத்துகளின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. முகப்பைக் காக்கும் விதிகள் இதில் எதையும் காப்பதில்லை. ஓட்டையும் ஜன்னலையும்தான் காக்கின்றன. வரலாற்று வட்டாரங்களின் மையப் பகுதிகளில் கீழ்த்தளத்தில் எந்த வியாபாரம் கூடாது என்று ஆணையம் ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறது. தடை செய்தால் வேண்டாதது வராமல் இருக்கும், வேண்டியது தங்கிவிடாது.

மூன்றிலும் பலவீனமானது உணவங்காடிதான். கோயிலுக்கு அடுத்த தலைமுறை பொறுப்பாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், சங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது. உணவங்காடிக் கடைக்காரர்களின் சராசரி வயதோ அறுபதை ஒட்டி நிற்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து எலும்பு வேகவைக்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வருவது அரிது. தேசிய சுற்றுப்புற வாரியம் பயிற்சித் திட்டங்கள் நடத்துகிறது; ஒரு தட்டின் விலை சில வெள்ளிக்குள் அடங்க வேண்டும் என்ற பொது எதிர்பார்ப்பு இருக்கும்வரை அந்தத் திட்டங்களால் எவ்வளவு இழுக்க முடியும் என்பது சந்தேகமே. அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடினால் சின்ன விடுதி தனக்கென ஓர் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கும். அடுப்புக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அதை முப்பது அறையால் வகுத்தால் வரும் தொகைக்கு விருந்தினர் வேறு எதையெல்லாமோ எதிர்பார்ப்பார். அதற்கு மேல் அந்த ஐந்து கடைவீட்டுக்குள் இடமும் இல்லை.